போட்டோ எடுத்து டிக் குடுத்தா ஆப் லாகின் பேஜுக்கே போயிருது, ஃபார்ம் எல்லாம் காலி

களப்பணி_திண்டுக்கல்:
வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க. நான் மகளிர் குழுக்கடன் குடுக்குற ஒரு கம்பெனில ஃபீல்டு வேலை பாக்குறேன். நத்தம் வடமதுரை பக்கம் ஊர் ஊரா போயி புதுசா லோன் கேக்குறவங்களோட பாஸ்புக்கு, ஆதாரு, அப்புறம் வீட்டு வாசல்ல அந்தம்மா நிக்கிற மாதிரி ஒரு போட்டோ, எல்லாம் கம்பெனி ஆப்லயே ஏத்தணும். மூணு வாரமா என்ன ஆகுதுன்னா, வீட்டு போட்டோவுக்கு கேமரா பட்டனை அமுக்குனா கேமரா நல்லா திறக்குது, போட்டோவும் எடுக்குது, கீழ டிக்கு மாதிரி வருமே அதைத் தொட்டா ஒரு செகண்டு வெள்ளையா நின்னுட்டு நேரா லாகின் பேஜுக்கு போயிருது. திரும்ப நம்பர் போட்டு ஓடிபி வாங்கி உள்ள போனா அதுவரைக்கும் ரொப்புன ஃபார்ம் காலி. அந்த ஊர்கள்ல ஓடிபி வர்றதுக்கே வேப்பமரத்தடில இருந்து மேட்டுக்கு நடக்கணும். வயசானவங்களை வெயில்ல திரும்பத் திரும்ப வாசல்ல நிக்க வைக்கிறது எனக்கே மனசு கேக்கல.

ஆதாரு, பாஸ்புக்கு எடுக்கிறப்ப இந்தப் பிரச்சனை இல்ல, அது ஆப்புக்குள்ளயே ஒரு கட்டத்துல வருது, ஒழுங்கா எடுக்குது. வீட்டு போட்டோ மட்டும்தான். அதனால வீட்டு போட்டோ இல்லாமயே 38 கேஸை டிராஃப்டா சேவ் பண்ணி வச்சுருக்கேன், இன்னும் அனுப்பல. ஆபீஸ்ல கேட்டா ஆப்பை அழிச்சுட்டு திரும்பப் போடுங்கன்னு சொல்றாங்க. நாளைக்கு காலைல போடலாம்னு இருக்கேன். போன் ஆண்ட்ராய்டு 13, ரேம் 4 ஜிபி, வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு.

இன்னொன்னும் சொல்லணும். அதுக்கு முன்னாடி ஒழுங்கா ஏறுன வீட்டு போட்டோ எல்லாமே ஆபீஸ் கம்ப்யூட்டர்ல சாஞ்சு படுத்த மாதிரி தெரியுதாம். என் போன்ல நேராத்தான் தெரியுது.

ரிப்பேர்கடை_சேலம்:
வணக்கம் அக்கா. செட்டிங்ஸ், ஆப்ஸ், உங்க கம்பெனி ஆப், பெர்மிஷன் போயி கேமரா அலவ்ல இருக்கான்னு பாருங்க. அப்புறம் ஸ்டோரேஜ்ல கிளியர் கேஷ், கிளியர் டேட்டா ரெண்டும் அமுக்கி போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. கடைக்கு வர்ற கேமரா கம்ப்ளைன்ட்ல பாதி இதுலயே சரியாயிடும்.

சர்வே_பையன்:
அக்கா தயவுசெஞ்சு கிளியர் டேட்டா பண்ணிடாதீங்க, ஆப்பை அழிக்கவும் செய்யாதீங்க!! அந்த 38ம் போயிடும். நான் போன வருஷம் மின்கம்பம் சர்வேல இருந்தேன், சிக்னல் இல்லாத இடத்துல எடுத்த 61 போட்டோ ஆப்புக்குள்ள அனுப்பாம கிடந்துச்சு, கேமரா ஸ்ட்ரக் ஆகுதுன்னு ஒரு அண்ணன் சொன்னதைக் கேட்டு கிளியர் டேட்டா அமுக்கிட்டேன். திரும்ப லாகின் பண்ணா ஒன்னு கூட இல்ல. கேலரில தேடுனேன், ஃபைல் மேனேஜர்ல தேடுனேன், ரெக்கவரி ஆப்புன்னு நாலு போட்டுப் பார்த்தேன், எதுலயும் கிடைக்கல. மலையடிவாரத்துல ரெண்டு நாள் திரும்ப நடந்தேன். அந்த டிராஃப்ட் சர்வருக்கு போயி சேர்ற வரைக்கும் உங்க போன்ல மட்டும்தான் இருக்கு, அதை முதல்ல மனசுல வைங்க.

ரிப்பேர்கடை_சேலம்:
தம்பி சொல்றது சரி, மன்னிச்சுக்கங்க அக்கா. 38 கேஸ் உள்ள நிக்குதுன்னு நீங்க எழுதுனதை நான் சரியா படிக்காம வழக்கமா சொல்றதை சொல்லிட்டேன். டேட்டாவை தொடாதீங்க. கேஷ் மட்டும் அழிங்க, அது பாதிப்பு இல்ல.

கோவை_கோடர்:
அண்ணா, கேஷும் இப்ப வேண்டாங்க. நான் ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற வேலைல இருக்கேன். கேஷ்ங்கிறது எப்ப வேணாலும் அழியலாங்கிற இடம், போன்ல இடம் ரொம்பக் குறைஞ்சா சிஸ்டமே அதைத் துடைச்சு எடுத்துக்கும். ஒழுங்கா எழுதுன ஆப்பா இருந்தா அனுப்பாத போட்டோவை அங்க வைக்காது. ஆனா அவசரத்துல எழுதுன ஆப் நெறைய அங்கதாங்க வைக்குது, நானே மத்தவங்க எழுதுன கோடுல பார்த்திருக்கேன். வெளிய இருந்து பாக்குற நமக்கு எது எங்க இருக்குன்னு தெரியாதுங்க. அதனால அனுப்பி முடியுற வரைக்கும் கேஷ், டேட்டா, அன்இன்ஸ்டால் மூணையும் தொட வேண்டாம். ராத்திரி வேலை முடிச்சுட்டு வந்து விவரமா எழுதுறேனுங்க. அதுக்குள்ள அக்கா ஒரு உதவி பண்ணுங்க, போனோட சொந்தக் கேமராவைத் தனியா திறந்து ரெண்டு போட்டோ எடுத்துப் பாருங்க, அப்புறம் மெசேஜ் ஆப் ஏதாவது ஒன்னுல கேமரா பட்டனை அமுக்கி எடுத்துப் பாருங்க. ரெண்டுலயும் என்ன ஆகுதுன்னு சொல்லுங்க.

களப்பணி_திண்டுக்கல்:
தம்பிங்களா ரொம்ப நன்றி, நல்ல வேளை இன்னும் அழிக்கல. பெர்மிஷன் பார்த்தேன், கேமராவுக்கு அலவ்னுதான் இருக்கு. போன் கேமரா நல்லா வேலை செய்யுது. மெசேஜ் ஆப்ல இருந்தும் எடுத்து அனுப்ப முடிஞ்சுது. ஆப் எப்படி லாகினுக்கு போகுதுன்னு ஸ்கிரீன்ஷாட் மூணு போட்டிருக்கேன் பாருங்க.

பென்ஷனர்_மகள்:
அக்கா, மூணாவது ஸ்கிரீன்ஷாட்ல அந்த அம்மா முகமும் பாஸ்புக் நம்பரும் தெளிவா தெரியுது. முதல்ல அதை எடுத்துடுங்க. அவங்க உங்களை நம்பித்தானே காட்டியிருக்காங்க, இங்க யார் யாரோ பாக்குற இடம்.

களப்பணி_திண்டுக்கல்:
ஐயோ ஆமா. எடுத்துட்டேன். பதட்டத்துல கவனிக்கல. சொன்னதுக்கு நன்றிம்மா.

பென்ஷனர்_மகள்:
பரவாயில்லக்கா. இதே இழைல நானும் ஒன்னு கேட்டுக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அப்பா மத்திய அரசு பென்ஷன் வாங்குறாங்க, நவம்பர்ல குடுக்க வேண்டிய ஆயுள் சான்றை இப்ப போன்லயே முகத்தைக் காட்டிக் குடுக்கலாம்ல, அதுக்கு அப்பா போன்ல திறந்தா முகம் பாக்குற வட்டம் முழுக்கக் கறுப்பா இருக்கு. பெர்மிஷன் எல்லாம் குடுத்தாச்சு. போன வருஷம் இதே போன்ல எடுத்தோம். அப்பாவுக்கு முட்டி வலி, பேங்குக்கு கூட்டிட்டுப் போகணும்னா ஆட்டோ வைக்கணும், மாடிப்படி வேற.

ரிப்பேர்கடை_சேலம்:
அம்மா, அப்பா போனோட சொந்தக் கேமராவும் கறுப்பா இருக்கா? அதை முதல்ல சொல்லுங்க. அப்புறம் முகத்தைப் பிடிக்கிறது நீங்க திறக்குற அந்த ஆப் இல்ல, ஆதார் ஃபேஸ் ஆர்டின்னு இன்னொரு ஆப் பின்னாடி இருந்து பிடிக்குது. நிறைய பேர் முன்னாடி இருக்கிற ஆப்புக்கு அனுமதி குடுத்துட்டு இதை விட்டுடறாங்க.

பென்ஷனர்_மகள்:
சொந்தக் கேமராவும் கறுப்புதான்! நான் அதைத் திறந்தே பாக்கல, அப்பா போட்டோ எடுக்க மாட்டாங்க. ஏதோ அன்பிளாக் பண்ணணுமான்னு கேட்டுச்சு, அப்பா எது கேட்டாலும் கேன்சல் அமுக்கிடுவாங்க, ஓடிபி ஏமாத்து வேலை பத்தி நாங்கதான் அப்படி பழக்கி வச்சிருக்கோம்.

ரிப்பேர்கடை_சேலம்:
அப்ப கண்டுபிடிச்சாச்சு. மேல இருந்து ஸ்கிரீனை ரெண்டு தடவை கீழ இழுங்க, டார்ச், வைஃபை எல்லாம் இருக்கிற இடத்துல கேமரா ஆக்சஸ்னு ஒரு கட்டம் இருக்கும். அது பிளாக்டுன்னு இருக்கும், தொட்டு ஆன் பண்ணுங்க. அங்க இல்லன்னா செட்டிங்ஸ்ல பிரைவசிக்குள்ள அதே பேர்ல இருக்கும். ஆண்ட்ராய்டு 12ல இருந்து வந்த வசதி இது, மொத்த போனுக்கும் சேர்த்து கேமராவைப் பூட்டுற மெயின் சுவிட்ச் மாதிரி. இது ஆஃப்ல இருந்தா எந்த ஆப்புக்கு அலவ் குடுத்திருந்தாலும் அந்த ஆப்புக்கு கறுப்புப் படம்தான் போகும். ஆப்புக்கு கேமரா திறந்த மாதிரியே இருக்கும், எரர் கூட காட்டாது, அதான் ஆளுங்க குழம்பிப் போறாங்க. டார்ச் போடப் போயி பக்கத்துல இருக்கிற இதை விரல் பட்டு அமுக்கிடறாங்க. மாசத்துக்கு ஏழெட்டு போன் இதோட என் கடைக்கு வருது, கேமரா மாத்தணும்னு வேற இடத்துல சொன்னாங்கன்னு சொல்லிட்டு வருவாங்க. இதுக்கு நான் காசு வாங்குறதில்ல.

பென்ஷனர்_மகள்:
வந்துடுச்சுண்ணா!! அதே கட்டம்தான். மூணாவது தடவைல முகமும் எடுத்துக்கிச்சு, ஆயுள் சான்று நம்பரும் வந்துடுச்சு. கண்ணாடியைக் கழட்டி ஜன்னலைப் பாத்து உக்கார வச்சேன், ஜன்னல் முதுகுக்குப் பின்னாடி இருந்தப்ப எடுக்கவே இல்ல. அப்பா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க.

ரிப்பேர்கடை_சேலம்:
சந்தோஷம்மா. 80 வயசு தாண்டுனவங்களா இருந்தா அக்டோபர் 1ல இருந்தே குடுக்கலாம், நவம்பர் கூட்டத்துல காத்திருக்க வேண்டியதில்ல. தெரிஞ்சவங்களுக்கும் சொல்லுங்க.

கோவை_கோடர்:
மன்னிச்சுக்கங்க, லேட் ஆயிடுச்சு. இப்ப அக்கா விஷயத்துக்கு வர்றேனுங்க. நீங்க முதல் பதிவுலயே முக்கியமான துப்பு ஒன்னு குடுத்துட்டீங்க, பாஸ்புக்கு எடுக்கறப்ப ஆப்புக்குள்ளயே கட்டத்துல வருது, அது ஒழுங்கா இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான்.

ஒரு ஆப் போட்டோ எடுக்க ரெண்டு வழி இருக்குதுங்க. ஒன்னு, ஆப்பே கேமராவைத் திறந்து தன்னோட ஸ்கிரீனுக்குள்ள படத்தைக் காட்டி எடுக்கறது, உங்க பாஸ்புக்கு அப்படித்தான் எடுக்குது. இன்னொன்னு, எனக்கு ஒரு போட்டோ எடுத்துக் குடுப்பான்னு போனோட கேமரா ஆப்பைக் கூப்பிடறது. இந்த ரெண்டாவது வழில உங்க கம்பெனி ஆப் பின்னாடி போயிடும், கேமரா ஆப் முன்னாடி வரும், நீங்க டிக் குடுத்ததும் கேமரா போட்டோவை கம்பெனி ஆப் கையில குடுத்துட்டு போகும். அந்த நடுவுல பின்னாடி நின்ன ஆப்பை போன் கழட்டி விட்டுருச்சுன்னா, திரும்ப வர்றப்ப ஆப் புதுசா ஆரம்பிக்குது, போட்டோவை வாங்கிக்க வேண்டிய பேஜே அங்க இல்ல. வெள்ளையா ஒரு செகண்டு நிக்குதுன்னு சொன்னீங்களே, ஆப் புதுசா திறக்கற நேரம்தாங்க அது. அதனால கேமரா கெட்டுப் போகல, பெர்மிஷனும் காரணம் இல்ல, ஆப்பை அழிச்சுட்டு போட்டாலும் திரும்ப இதேதான் வரும்.

பின்னாடி நிக்கிற ஆப்பை ஏன் கழட்டி விடுதுங்கறதுதான் கேள்வி. மூணு விஷயம் பார்த்து சொல்லுங்க. வீட்டு போட்டோ எடுக்கறப்ப வர்ற ஸ்கிரீன் போனோட கேமரா மாதிரியே இருக்கா? ரெண்டாவது, ஃபார்ம் ரொப்பிட்டு இருக்கறப்ப கேமராவைத் தொடாம ஹோம் பட்டனை அமுக்கி கால்குலேட்டரைத் திறந்துட்டு உடனே ஆப்புக்குத் திரும்புங்க, அப்பவும் லாகினுக்கு போகுதா? மூணாவது, வேற ஆப்கள்லயும் இப்படி முதல்ல இருந்து ஆரம்பிக்குதா?

களப்பணி_திண்டுக்கல்:
தம்பி மூணும் பார்த்துட்டேன். போனோட கேமரா மாதிரியேதான் இருக்கு. கால்குலேட்டருக்குப் போயி வந்தா... ஆமா, லாகினுக்கு போயிருச்சு! இதை நான் கவனிச்சதே இல்ல. இப்ப யோசிச்சா பஸ் டிக்கெட் போடுறப்ப ஓடிபி பாக்க மெசேஜுக்குப் போயிட்டு வந்தாலும் முதல்ல இருந்து ஊர் பேர் போடச் சொல்லுது, படிச்சுட்டு இருந்த செய்தியும் மேல போயிருது. நெட்டு சரியில்லன்னு நினைச்சுட்டு இருந்தேன். இன்னொன்னு ஞாபகம் வருது, எங்க அக்கா மகன் மூணு வாரத்துக்கு முன்னாடி வந்தப்ப சித்தி உங்க போன் ஸ்லோவா இருக்குன்னு ஏதோ வீடியோவைப் பாத்து செட்டிங்ஸ்ல என்னமோ பண்ணான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

கோவை_கோடர்:
இருக்குதுங்க, அதேதான்! செட்டிங்ஸ்ல கீழ சிஸ்டத்துக்குள்ள டெவலப்பர் ஆப்ஷன்ஸ்னு ஒன்னு இருக்கும், சில போன்ல செட்டிங்ஸ் கடைசிலயே இருக்கும். பில்டு நம்பரை 7 தடவை தட்டுனாத்தான் அது கண்ணுக்கே தெரியும், தம்பி தட்டித் திறந்திருப்பான். உள்ள ரொம்பக் கீழ போனா ஆப்ஸ்ங்கற தலைப்புல டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்னு இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. அதுக்குப் பக்கத்துலயே பேக்ரவுண்டு பிராசஸ் லிமிட்னு இருக்கறதை ஸ்டாண்டர்டு லிமிட்ல வைங்க. வேற எதையும் தொட வேண்டாம். முடிச்சுட்டு மேல இருக்கற சுவிட்சை ஆஃப் பண்ணி அந்த டெவலப்பர் ஆப்ஷன்ஸையே மூடிடுங்க.

அந்த செட்டிங் எங்கள மாதிரி ஆப் எழுதறவங்க சோதிச்சுப் பாக்கறதுக்காக வச்சது. நீங்க ஒரு பேஜை விட்டு நகந்த உடனே போன் அதை அழிச்சுடும், ரேம் நெறைய இருந்தாலும் சரி. ரேம் மிச்சமாகும் போன் பறக்கும்னு சில வீடியோல இதை சொல்லிக் குடுக்கறாங்க, ரொம்பத் தப்பான யோசனைங்க அது, ஒவ்வொரு தடவையும் புதுசா திறக்கறதால போனுக்கு வேலை கூடத்தான் செய்யும். தம்பியைத் திட்டாதீங்க, நல்லது பண்ணணும்னுதான் பண்ணியிருக்கான்.

களப்பணி_திண்டுக்கல்:
தம்பி!! நீங்க சொன்ன இடத்துல அது ஆன்லதான் இருந்துச்சு. ஆஃப் பண்ணிட்டு எங்க வீட்டு வாசலையே எடுத்துப் பார்த்தேன், டிக் குடுத்ததும் ஃபார்ம்லயே வந்து நின்னுச்சு, போட்டோவும் ஒட்டிக்கிச்சு. அஞ்சு தடவை பண்ணிப் பார்த்தேன், அஞ்சு தடவையும் சரி. மூணு வாரமா நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது, தூங்கப் போறேன், நாளைக்கு ஊருக்குள்ள போயிட்டு வந்து சொல்றேன்.

புது_டெவ்_நெல்லை:
கோவை அண்ணாச்சி, நானும் ஒன்னு கேட்டுக்கிடுதேன். என் ஆப்புல நானும் போன் கேமராவைத்தான் கூப்பிடுதேன், பெர்மிஷனே கேக்கல, கேக்க வேண்டாம்னு படிச்சேன். ஆறு மாசம் ஒழுங்கா ஓடிச்சு, போன வாரம் கியூஆர் ஸ்கேன் பண்ண ஒரு லைப்ரரி, அதான் வேற ஆளு எழுதி வச்ச ரெடிமேட் கோடு, சேர்த்தேன், அதுல இருந்து போட்டோ பட்டனைத் தொட்டாலே ஆப் செத்துப் போவுது. செக்யூரிட்டி எக்செப்ஷன்னு எரர் பதிவுல வருது.

கோவை_கோடர்:
தம்பி, அந்த லைப்ரரி தன்னோட மேனிஃபெஸ்ட்ல, அதாவது என்னென்ன பெர்மிஷன் வேணும்னு எழுதி வைக்கற ஃபைல்ல, கேமரா பெர்மிஷனை அறிவிச்சிருக்கும், பில்டு பண்றப்ப அது உங்க மேனிஃபெஸ்டோட கலந்துடும். போன் கேமராவைக் கூப்பிடறதுக்கு பெர்மிஷன் தேவையில்லைங்கறது உண்மைதான், ஆனா ஆப் அந்த பெர்மிஷன் வேணும்னு அறிவிச்சுட்டு பயனர்கிட்ட வாங்காம கூப்பிட்டா ஆண்ட்ராய்டு 6ல இருந்து விடாது, நீங்க சொல்ற எக்செப்ஷனைத்தான் வீசும். கலந்து முடிச்ச மேனிஃபெஸ்டைத் திறந்து பாருங்க, இருக்கும். கியூஆருக்கு எப்படியும் கேமரா வேணும்ல, அதனால போட்டோ பட்டனுக்கும் முன்னாடி பெர்மிஷன் கேட்டுடுங்க. அப்படியே ரெண்டு தடவை டோன்ட் அலவ் குடுத்தவங்களையும் யோசிங்க, ஆண்ட்ராய்டு 11ல இருந்து ரெண்டாவது தடவைக்கு அப்புறம் கேக்கற பெட்டியே வராது, பட்டனைத் தொட்டா ஒன்னுமே நடக்காத மாதிரி தெரியும். அவங்களை செட்டிங்ஸுக்கு அனுப்பற ஒரு பேஜ் தமிழ்ல எழுதி வைங்க, ரொம்பப் பேர் அதுல மாட்டிக்கறாங்க.

புது_டெவ்_நெல்லை:
கலந்த மேனிஃபெஸ்ட்ல இருக்கு அண்ணாச்சி, பார்த்துட்டேன். ரெண்டு நாளா கோடுக்குள்ள தேடிட்டுக் கிடந்தேன். தமிழ்ல பேஜும் கண்டிப்பா வைக்கேன்.

களப்பணி_திண்டுக்கல்:
போயிட்டு வந்துட்டேன். இன்னைக்கு ஒன்பது வீடு. எட்டு வீட்டுல எந்தப் பிரச்சனையும் இல்ல. ஒரு வீட்டுல மட்டும் பழையபடி லாகினுக்கு போயிருச்சு, ரெண்டாவது தடவை எடுத்தப்ப சரியா வந்துச்சு. அந்த செட்டிங் ஆஃப்லதான் இருக்கு, பார்த்துட்டேன். அப்பறம் அந்த சாஞ்ச போட்டோ விஷயம் அப்படியேதான் இருக்கு, ஆபீஸ்ல இன்னைக்கும் சொன்னாங்க.

கோவை_கோடர்:
ஒன்பதுல ஒன்னு, அது நிஜமாவே ரேம் பத்தாம கழட்டி விட்டதா இருக்கும்ங்க. 4 ஜிபி போன்ல கேமரா ஆப் நெறைய இடம் கேக்கும், அதுவும் கேமரா 50 மெகாபிக்சல் மோடுல நின்னா இன்னும் கூட. போன் கேமராவைத் திறந்து 50 மெகாபிக்சல், எச்டிஆர், பியூட்டி இதெல்லாம் ஆஃப் பண்ணிடுங்க, சாதாரண மோடு போதும், வீட்டு வாசலுக்கு 50 மெகாபிக்சல் தேவையே இல்ல, சிக்னல் இல்லாத ஊர்ல ஏத்தறதுக்கும் லேசா இருக்கும். ஊருக்குள்ள போறதுக்கு முன்னாடி திறந்து கிடக்கற வீடியோ ஆப், மேப் எல்லாத்தையும் மூடுங்க. போன்ல இடம் எவ்வளவு மிச்சம்னும் பாருங்க, ரெண்டு மூணு ஜிபிக்குக் கீழ இருந்தா பழைய வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு மாத்திடுங்க.

ஆனா ஒன்னு சொல்லணும்க்கா, இது உங்க கைல இருக்கற வேலை மட்டும் இல்ல. நடுவுல ஆப் மூடிக்கிட்டாலும் ரொப்புன ஃபார்மையும் போட்டோ போற இடத்தையும் ஞாபகம் வச்சிருந்து அப்படியே திரும்ப எடுத்துக் காட்டறதுதான் ஒழுங்கான ஆப். அதுக்கான வழி ஆண்ட்ராய்டுல ஆரம்பத்துல இருந்தே இருக்கு. ஃபீல்டுல இருக்கறவங்ககிட்ட பெரும்பாலும் குறைஞ்ச விலை போன்தான் இருக்கும், அந்த போன்ல சோதிக்காம ஆபீஸ்ல இருக்கற பெரிய போன்ல சோதிச்சுட்டு விட்டா இப்படித்தான் ஆகும். எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா அலையறது உங்கள மாதிரி ஆளுங்க.

சாஞ்ச போட்டோவும் அதே மாதிரி அவங்க சரி பண்ண வேண்டியதுதாங்க. போனுக்குள்ள கேமரா சென்சாரைப் படுக்க வச்ச மாதிரிதான் பொருத்தியிருப்பாங்க, நீங்க போனை நிமித்திப் பிடிச்சு எடுத்தாலும் சென்சார் எடுக்கற படம் படுத்துத்தான் இருக்கும். பல போன்ல படத்தைத் திருப்பாம அப்படியே எழுதி, இதைக் காட்டறப்ப 90 டிகிரி திருப்பிக் காட்டுன்னு ஒரு குறிப்பை ஃபைலோட எழுதி வச்சுடும். எக்சிஃப்னு சொல்ற குறிப்புல அதுவும் ஒன்னு, 1ல இருந்து 8 வரைக்கும் ஒரு நம்பர், 1ன்னா இருக்கறபடியே காட்டு, 6ன்னா வலது பக்கமா 90 டிகிரி திருப்புன்னு அர்த்தம். உங்க போன் கேலரி அந்தக் குறிப்பைப் படிக்குது, அதனால நேரா தெரியுது. கம்பெனி ஆப் போட்டோவைச் சின்னதா சுருக்கி அனுப்பறப்ப அந்தக் குறிப்பை விட்டுட்டு வெறும் படத்தை மட்டும் அனுப்பியிருக்கும்.

சர்வே_பையன்:
அக்கா அவங்க சரி பண்ற வரைக்கும் போனைப் படுக்க வச்சு எடுங்க, சார்ஜர் போடுற பக்கம் உங்க வலது கைப் பக்கம் வர்ற மாதிரி. அப்படிப் பிடிச்சா திருப்ப வேண்டிய தேவையே இருக்காது, எங்க சர்வேல எல்லாரும் அப்படித்தான் எடுப்போம். தலைகீழா, சார்ஜர் பக்கம் இடது கைல வர்ற மாதிரி பிடிச்சுடாதீங்க, ஆபீஸ்ல தலைகீழா தெரியும்.

களப்பணி_திண்டுக்கல்:
வீடு முழுசா விழுறதுக்கும் படுக்க வச்சு எடுக்குறதுதான் வசதி, இனிமே அப்படியே எடுக்கேன். இப்ப அந்த 38 கேஸ் விஷயம். வீட்டு போட்டோ ஆப்ல ஏறலையே தவிர அன்னைக்கே போன் கேமராலயும் ஒரு தடவை எடுத்து வச்சிருந்தேன், பின்னால உதவும்னு. ஆப்ல கேலரில இருந்து சேர்க்குற பட்டன் இருக்கு, அதுல சேர்த்துப் பார்த்தா லொக்கேஷன் இல்லன்னு சொல்லி வாங்க மாட்டேங்குது. கேலரில அதே போட்டோவைத் திறந்து பார்த்தா மேப்ல ஊர் பேரோட காட்டுது. போன்ல இருக்குற லொக்கேஷன் ஆப்புக்கு மட்டும் எப்படி இல்லாமப் போகும்?

கோவை_கோடர்:
ஆண்ட்ராய்டு 10ல இருந்து இப்படிங்க. கேலரில இருந்து ஒரு ஆப் போட்டோவை எடுத்தா அதுல இருக்கற லொக்கேஷனை சிஸ்டமே மறைச்சுட்டுத்தான் குடுக்கும், ஆப் அதுக்குன்னு தனியா ஒரு அனுமதி வாங்கியிருந்தாத்தான் காட்டும். நாம எங்கயோ ஒரு ஆப்ல வீட்டு போட்டோ போட்டா வீடு எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு வச்ச பாதுகாப்பு அது, நல்லதுக்குத்தான். உங்க கம்பெனி ஆப் அந்த அனுமதியைக் கேக்காம விட்டிருக்கும். ஒரிஜினல் ஃபைல்ல லொக்கேஷன் பத்திரமா இருக்கு. மெசேஜ் ஆப்ல போட்டோவா அனுப்பாதீங்க, அது சுருக்கறப்ப எல்லாத்தையும் துடைச்சுடும். பிராஞ்சுல கம்ப்யூட்டர் இருந்தா கேபிள் போட்டு, கேமரா போட்டோ சேர்ற டிசிஐஎம் ஃபோல்டர்ல இருந்து காப்பி பண்ணச் சொல்லுங்க, கம்ப்யூட்டர்ல அந்த ஃபைலோட பிராப்பர்ட்டீஸ்ல ஜிபிஎஸ்னு இருக்கும், அதைக் காட்டி மேனேஜர்கிட்ட பேசிப் பாருங்க.

ஆப் டீமுக்கு எழுதறதுக்கு இதை அப்படியே காப்பி பண்ணிக்கங்க: "வீட்டு போட்டோவுக்கு போன் கேமரா திறந்திருக்கும்போது ஆப் நினைவகத்திலிருந்து நீக்கப்பட்டால் ஃபார்ம் அழிந்து லாகின் பக்கம் வருகிறது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ் ஆன் செய்தால் ஒவ்வொரு முறையும் இதைப் பார்க்கலாம். போட்டோவின் எக்சிஃப் திசைக் குறிப்பு சுருக்கும்போது விடுபடுகிறது. கேலரியிலிருந்து சேர்க்கும்போது மீடியா லொக்கேஷன் அனுமதி கேட்கப்படுவதில்லை." கூடவே போன் மாடல், ஆண்ட்ராய்டு 13, ஆப் வெர்ஷன் நம்பர் போடுங்க. ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம்னு எழுதறது ரொம்ப முக்கியம்ங்க, எங்களுக்கு வர்ற புகார்ல கேமரா வேலை செய்யலன்னு மட்டும் இருந்தா எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியாது. வீடியோ சேர்த்தீங்கன்னா உங்க வீட்டு வாசலை வச்சே எடுங்க, வேற யார் ஆதாரும் வேண்டாம்.

ஐபோன்_ஆசிரியர்:
இதையெல்லாம் படிச்சுட்டுதான் கேக்குறேன், எனக்கு ஐபோன். ஒரு விண்ணப்ப ஆப்ல போட்டோ சேர்த்தா ஃபைல் வகை சரியில்லன்னு சொல்லுது, நண்பர் ஆண்ட்ராய்டுல அதே இடத்துல ஏறுது.

கோவை_கோடர்:
சார், ஐபோன் 2017ல ஐஓஎஸ் 11 வந்ததுல இருந்து ஹெச்இஐசிங்கற வகைல போட்டோவை சேவ் பண்ணுது, அந்த ஆப் ஜேபிஜி மட்டும் வாங்கும் போல. செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மேட்ஸ் போயி மோஸ்ட் கம்பாட்டிபிள் வைங்க. அதுக்கு அப்புறம் எடுக்கற போட்டோ ஜேபிஜியா வரும், பழசு மாறாது, அதனால புதுசா ஒன்னு எடுத்துக்கங்க.

ஐபோன்_ஆசிரியர்:
ஏறிடுச்சு தம்பி, நன்றி.

களப்பணி_திண்டுக்கல்:
நாலு நாள் கழிச்சு வர்றேன், எல்லாரும் மன்னிச்சுக்கங்க. பிராஞ்சுல கேபிள் போட்டு காப்பி பண்ணியாச்சு. மேனேஜர் ஒவ்வொன்னா ஜிபிஎஸ் பார்த்தாரு, 38ல 31 போட்டோவுக்கு லொக்கேஷன் இருந்துச்சு, அதை மட்டும் மெயில்ல வாங்கிக்க மேல பேசி ஒத்துக்க வச்சுட்டாரு. மிச்ச 7, நான் கேமராவுல லொக்கேஷனை ஆன் பண்றதுக்கு முன்னாடி எடுத்தது. 38 டிராஃப்டும் பத்திரமா ஏறிருச்சு, பாஸ்புக்கு ஆதாரு எதுவும் போகல. சர்வே தம்பி, அன்னைக்கு நீங்க ரெண்டு நிமிஷம் லேட்டா எழுதியிருந்தா நான் அமுக்கியிருப்பேன். ஆப் டீமுக்கு கோவை தம்பி எழுதிக் குடுத்ததை அப்படியே அனுப்பிட்டேன். டோன்ட் கீப் ஆன் பண்ணா எங்க போன்லயும் வருதுன்னு மறுநாளே பதில் வந்துச்சு, சரி பண்ணிட்டு இருக்காங்களாம். அக்கா மகன்கிட்டயும் சொன்னேன், அவன் ஃப்ரெண்டுங்க ரெண்டு பேர் போன்லயும் அதே வேலையைப் பண்ணி விட்டிருக்கானாம், சாயங்காலம் போயி மாத்திட்டு வந்துட்டான்.

அந்த 7 வீட்டுல நாலு வடமதுரை தாண்டி ஒரே ஊருதான், நாளைக்கு காலைல வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சுருவேன்.